அடுத்த சீசனில் எந்த ரக்பி கிளப் எங்கே முடிக்கும்: தடைக்காலத்தில் உட்கார்ந்து கணிக்க ஒரு முழு வழிகாட்டி

குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஐரோப்பிய ரக்பிக்கும் ஏறக்குறைய அதே நாட்கள்தான் ஓய்வு. இங்கிலாந்தின் பிரீமியர்ஷிப் இறுதி ஆட்டம் ஜூன் நடுவில் முடியும், பிரான்சின் டாப் 14 இறுதி ஜூன் கடைசியில், அடுத்த சீசன் செப்டம்பரில்தான். அதனால் வருஷத்தில் கணிப்புக்கு ஏற்ற காலம் இதுதான்: நமக்கும் நேரம் இருக்கிறது, யார் எந்த கிளப்புக்குப் போனார்கள் என்ற விவரமும் அப்போதுதான் முழுதாகத் தெரியும்.

நம்ம ஊரில் விளையாட்டு என்றாலே கால்பந்து. தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று கடற்கரை முழுக்கக் கால்பந்து ஊர்கள். அங்கே கணிப்பு எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். "மக்கா, அவன் வந்துட்டாம்லா, இனி அவங்களுக்குத்தான் கப்பு." ஒரு பெயர், ஒரு முடிவு. ரக்பியில் இந்த முறை மோசமாகக் காலை வாரும். ஒரு பக்கம் 15 பேர், பெஞ்சில் இன்னும் 8 பேர், மாதக்கணக்கில் அடி, காயம், நாட்டு அணிக்காக நட்சத்திரங்கள் இல்லாத வாரங்கள். அதனால் நான் சொல்லும் வரிசை தலைகீழ்: முதலில் போன சீசனின் ஸ்கோர்கள், அப்புறம் ஒப்பந்தப் பட்டியல், அப்புறம் நாட்காட்டி. பிரபலமான பெயர்கள் கடைசியில், அதுவும் கொஞ்சமாக.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி. பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் ஊன்றும் ட்ரைக்கு 5, அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வர்ஷனுக்கு 2, எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி உதைக்கும், ஆட்டத்தின் ஓட்டத்தில் பந்தைத் தரையில் துள்ளவிட்டு உதைக்கும் ட்ராப் கோலுக்கும் தலா 3. பட்டியலில் வெற்றிக்கு 4 புள்ளி, சமனுக்கு 2, நான்கு ட்ரை போட்டால் ஒரு போனஸ், 7 புள்ளி அல்லது அதற்குள் தோற்றால் ஒரு போனஸ். பிரான்சில் மட்டும் கஞ்சத்தனம்: எதிரணியைவிட மூன்று ட்ரை கூடுதலாகப் போட்டால்தான் தாக்குதல் போனஸ், தோல்வி போனஸுக்கு 5 புள்ளிக்குள் இருக்க வேண்டும்.

படி 1: ஒரே ஒரு லீக்கைத் தேர்ந்தெடுங்கள்

எல்லா லீக்கையும் ஒரே வருஷத்தில் கணிக்க நினைத்தால் ஒன்றும் உருப்படாது. ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது பிரீமியர்ஷிப். 10 கிளப், ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடும் உள்ளூரில் ஒரு முறை, வெளியூரில் ஒரு முறை, மொத்தம் 18 சுற்று. அட்டவணையில் யாருக்கும் சலுகை இல்லை, முதல் நான்கு இடம் அரையிறுதிக்கு. 2020-க்குப் பிறகு பட்டியலில் கடைசியாக வந்ததற்காக யாரும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவும் இல்லை. சனிக்கிழமை அங்கே மதியம் மூன்று மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு எட்டரை, பார்க்கவும் வசதி.

டாப் 14 பெரிய கடல், 26 சுற்று, ஆனால் கடைசி இடக்காரர் கீழே இறங்குவார், 13-ஆம் இடத்தவர் தப்பிக்க ஒரு ஆட்டம் ஆட வேண்டும் என்பதால் இரண்டு முனையையும் கணிக்க வேண்டும். சனி இரவு அவர்களின் பெரிய ஆட்டம் நமக்கு நள்ளிரவு தாண்டித்தான். அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, இத்தாலி, தென்னாப்பிரிக்கா சேர்ந்த யு.ஆர்.சி. லீக் 16 அணி, அதன் அட்டவணைச் சிக்கலைப் பின்னால் சொல்கிறேன். சூப்பர் ரக்பி பார்க்க ஆசையென்றால் நியூசிலாந்தின் மாலை ஆட்டம் நமக்கு மதியச் சோற்று நேரம்.

"நம்ம சென்னை புல்ஸை ஏன் விட்டே?" என்று கேட்பார்கள். 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் இறுதி ஆட்டத்தில் டெல்லியை 41-0 என்று நொறுக்கிக் கோப்பையை வாங்கியவர்கள். சந்தோஷம்தான். ஆனால் அது எழுவர் ரக்பி, ஆறு அணி, சில வாரத்தில் முடிந்துவிடும் போட்டி. போன சீசன் ஸ்கோரை அடித்தளமாக வைக்கும் இந்த முறை அதற்கு ஒத்து வராது.

படி 2: போன வருஷப் பட்டியலை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

சிரிக்க வேண்டாம், இது மிக முக்கியமான படி. நீங்கள் எவ்வளவு யோசித்து எழுதினாலும், "போன வருஷம் மாதிரியே இருக்கும்" என்று எழுதிய ஒருவனைவிட நன்றாக வரவில்லையென்றால் யோசித்தது வீண்.

கணக்காகவே பார்ப்போம். பிரீமியர்ஷிப்பில் 2023-24 லீக் சுற்றுகள் முடிந்தபோது வரிசை: நார்தாம்ப்டன், பாத், சேல், சாரசென்ஸ், பிரிஸ்டல், ஹார்லெக்வின்ஸ், எக்ஸிடர், லெஸ்டர், க்ளாஸ்டர், நியூகாசில். அடுத்த வருஷம், 2024-25: பாத், லெஸ்டர், சேல், பிரிஸ்டல், க்ளாஸ்டர், சாரசென்ஸ், ஹார்லெக்வின்ஸ், நார்தாம்ப்டன், எக்ஸிடர், நியூகாசில். ஒவ்வொரு அணியும் எத்தனை இடம் நகர்ந்தது என்று கூட்டினால் 24 வரும். 10 அணிகளைக் கண்ணை மூடிக்கொண்டு சீட்டுக் குலுக்கி எழுதினால் சராசரியாக 33 வரும். ஆக நகலெடுப்பவனே குலுக்குபவனைவிட நல்ல தூரம் முன்னால். நீங்கள் தாண்ட வேண்டிய கோடு அந்த 24.

அந்த 24-க்குள் எட்டிப் பாருங்கள். நார்தாம்ப்டன் 7 இடம் சரிவு, லெஸ்டர் 6 இடம் ஏற்றம், க்ளாஸ்டர் 4 இடம் ஏற்றம். இந்த மூன்றிலேயே 17 போய்விட்டது. மற்ற ஏழு அணிகளும் சேர்ந்து நகர்ந்ததே 7 இடம்தான். எல்லா வருஷமும் இதே விகிதத்தில் இருக்காது, ஆனால் வேலை எங்கே இருக்கிறது என்பது இதில் தெரிகிறது: பட்டியல் முழுவதையும் கலைத்துப் போடுவதில் லாபமில்லை, பெரிதாக நகரப்போகிற இரண்டு மூன்று அணிகளைப் பிடித்தால் போதும்.

படி 3: அதிர்ஷ்டத்தைக் கழியுங்கள்

போன சீசனின் எல்லா ஸ்கோரையும் எக்செலில் ஏற்றுங்கள். பிரீமியர்ஷிப்பில் 90 லீக் ஆட்டம், ஒரு மாலை வேலை. ஒவ்வொரு அணிக்கும் அடித்த புள்ளி கழித்தல் வாங்கிய புள்ளி, அதை 18-ஆல் வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு வித்தியாசம் என்று வரும். இந்த ஒற்றை எண் எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள் என்பதைவிட நம்பகமானது.

காரணம், நெருக்கமான ஆட்டங்கள். கடைசி நிமிடத்தில் 45 மீட்டரிலிருந்து உதைத்த பெனால்டி கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தால் பட்டியலில் 4 புள்ளி, வெளியே விழுந்தால் 1. ஒரு கற்பனைக் கணக்கு: முதல் அணி 11 வெற்றி, அதில் ஆறு 7 புள்ளிக்குள் வந்தவை, மொத்த வித்தியாசம் +30. இரண்டாவது அணி 8 வெற்றிதான், ஆனால் மொத்த வித்தியாசம் +70. பட்டியலில் முதல் அணி மேலே. அடுத்த சீசனுக்கு நான் இரண்டாவதைத்தான் மேலே வைப்பேன். நெருக்கமான வெற்றிகளை நம்பி ஓர் அணியைத் தூக்கி வைப்பது, ஒரு நாள் மீன்பாட்டை வைத்து வருஷக் கடன் அடைக்கக் கணக்குப் போடுகிற மாதிரி.

அடுத்து அந்த எண்ணைச் சுருக்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு +6 என்று முடித்த அணி அடுத்த வருஷமும் +6 ஆக இருக்கும் என்று எடுக்காதீர்கள், நடுப்புள்ளியை நோக்கி இழுங்கள். எவ்வளவு இழுப்பது? முந்தின இரண்டு சீசன்களின் சராசரி வித்தியாசத்தைப் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் போட்டு எக்செலின் ஸ்லோப் ஃபார்முலாவைக் கேளுங்கள், அந்த லீக்குக்கான விகிதத்தை அதுவே சொல்லும். அதற்குச் சோம்பல் என்றால் மூன்றில் இரண்டு பங்கு வையுங்கள், +6 என்பது +4 ஆகும். அதே கையோடு 90 ஆட்டத்திலும் உள்ளூர் அணியின் ஸ்கோர் கழித்தல் வெளியூர் அணியின் ஸ்கோர் எடுத்து அதன் சராசரியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் சொந்த மைதானச் சாதகம், படி 8-இல் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அடியில் இருப்பவர்கள் எல்லாரும் தானாக மேலே வந்துவிட மாட்டார்கள். நியூகாசில் 2023-24-இல் 18 ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. அடுத்த வருஷம் இரண்டு வெற்றி, மறுபடியும் கடைசி. அது துரதிர்ஷ்டம் அல்ல, பணமில்லாத அணி. அப்படிப்பட்டவர்களைக் குறைவாகவே நடுவுக்கு இழுக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் ரெட் புல் நிறுவனம் அந்த கிளப்பை வாங்கியது, அதன்பின் பழைய கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. அது படி 7-இன் சமாச்சாரம்.

படி 4: யார் போனார்கள், யார் வந்தார்கள்

உழைப்புக்குப் பலன் அதிகம் கிடைப்பது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எல்லாரும் வந்தவர் பட்டியலைப் பார்க்கிறார்கள். நீங்கள் போனவர் பட்டியலில் தொடங்குங்கள். நார்தாம்ப்டன் 2024-இல் சாம்பியன், இறுதியில் பாத்தை 25-21 என்று வென்றது. அந்தக் கோடையில் கோர்ட்னி லாஸ் பிரான்சின் பிரீவுக்குப் போனார், லூயிஸ் லட்லம் தூலோனுக்கு, அலெக்ஸ் மூன் பயோனுக்கு, முன்வரிசை ப்ராப் அலெக்ஸ் வாலர் ஓய்வு பெற்றார். நால்வரும் ஃபார்வர்டுகள், அதாவது எட்டெட்டுப் பேர் குனிந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரமிலும், வெளியே போன பந்தை வீசும்போது தாவிப் பிடிக்கும் லைன்-அவுட்டிலும் உழைக்கிற கூட்டம். அவர்களுக்குப் பின்னால் நின்று பந்தை ஏந்தி ஓடுகிற அழகான ஆட்டக்காரர்கள் அப்படியே இருந்ததால் "இவர்களே மறுபடியும்" என்று தோன்றியிருக்கும். முடித்தது எட்டாம் இடத்தில்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. அதே 2024-25-இல் அதே நார்தாம்ப்டன் ஐரோப்பிய சாம்பியன்ஸ் கப் அரையிறுதியில் டப்ளினுக்கே போய் அயர்லாந்தின் லென்ஸ்டரை 37-34 என்று வீழ்த்தி இறுதி வரை போனது. பதினைந்து பேர் நலமாக இருக்கும் ஒரு நாளில் எவ்வளவு உயரம் போவார்கள் என்பது வேறு, 18 வாரம் தாக்குப்பிடிப்பார்களா என்பது வேறு. லீக் கணிப்புக்கு இரண்டாவதுதான் தேவை. ஆகவே ஒவ்வொரு அணிக்கும் 23 பேரை எழுதிய பின் அடுத்த 10 பேரையும் எழுதுங்கள். அந்தப் பத்துப் பேரை எழுதத் திணறினால் அந்த அணியின் படி 3 எண்ணில் ஒரு புள்ளி குறையுங்கள்.

நியூசிலாந்தின் க்ரூசேடர்ஸ் இன்னும் பெரிய உதாரணம். 2017 முதல் 2023 வரை ஏழு வருஷம் தொடர்ந்து பட்டம். 2023 முடிந்ததும் கோச் ஸ்காட் ராபர்ட்சன் நாட்டு அணிக்குப் போனார், ஆட்டத்தை இயக்கும் ஃப்ளை-ஹாஃப் ரிச்சி மவுங்கா ஜப்பானுக்கு, ஸ்க்ரமின் இரண்டாம் வரிசையில் நிற்கும் லாக் சாம் வைட்லாக் பிரான்சுக்கு. 2024-இல் சூப்பர் ரக்பியின் 12 அணியில் ஒன்பதாவது, பிளே-ஆஃபுக்கே வரவில்லை. 2025-இல் மறுபடியும் சாம்பியன்! கீழே விழுந்த வருஷத்திலும் இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் ஏற்பாடு அங்கேயே இருந்தது. அப்படிப்பட்ட கிளப் ஒரு வருஷம் சறுக்கினால் அடுத்த வருஷம் தாராளமாக மேலே இழுக்கலாம்.

எந்த இடத்தில் ஆடுபவருக்கு, படி 3-இன் எண்ணில் எவ்வளவு எடை? என் கணக்கு இது, நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்: நல்ல ஃப்ளை-ஹாஃப் வந்தால் ஆட்டத்துக்கு ஒன்று முதல் ஒன்றரைப் புள்ளி, ஸ்க்ரமின் வலது முனையைத் தாங்கும் டைட்ஹெட் ப்ராபுக்கு ஒன்று, முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கர், லாக் அரை முதல் முக்கால், ஓரத்தில் ஓடும் விங்கருக்குக் கால். விங்கர் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பாத் 2022-23-இல் எட்டாவது, 2023-24-இல் இரண்டாவது. ஃபின் ரசல் வந்தார், அதனால்தான் என்றார்கள். உண்மைதான், பாதி. அதே வருஷம் தென்னாப்பிரிக்கப் ப்ராப் தாமஸ் டு டாய்ட்டும் வந்தார், ஸ்க்ரம் பாறையானது, ரசலுக்கு நிம்மதியாக நின்று யோசிக்கப் பந்து கிடைத்தது. எத்தனை பேர் வந்தாலும் போனாலும் ஓர் அணிக்கு மொத்தத் திருத்தம் ஆட்டத்துக்கு 3 புள்ளியைத் தாண்டக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஆசைக்கு அணை போட இது வேண்டும்.

பெயரை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஒரு கேள்வி: 2025 மார்ச்சில் துலூஸின் ஆன்ட்வான் டூபோனுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது, உலகின் சிறந்த ஆட்டக்காரர் என்று பலர் சொல்பவர். "டூபோன் இல்லைன்னா துலூஸ் காலி மக்கா" என்றால் ஜூனில் போர்தோவை 39-33 என்று கூடுதல் நேரத்தில் வென்று டாப் 14 கோப்பையைத் தூக்கியது யார்?

படி 5: கோச்

கோச் மாற்றத்துக்கு முதல் வருஷத்தில் பெரிதாக எதையும் சேர்க்காதீர்கள், இரண்டாம் வருஷத்தில் சேருங்கள். லெஸ்டர் 2019-20-இல் 12-இல் 11-ஆவது. ஸ்டீவ் போர்த்விக் வந்து முதல் முழு சீசனில் ஆறாவது, அடுத்ததில் சாம்பியன். பாத்தில் யோஹான் வான் கிரானுக்கு முதல் வருஷம் எட்டாம் இடம், மூன்றாம் வருஷம் பட்டம், 1996-க்குப் பிறகு அவர்களின் முதல் லீக் பட்டம். க்ரூசேடர்ஸின் ராப் பென்னிக்கும் முதல் வருஷம் ஒன்பது, இரண்டாம் வருஷம் கோப்பை. விதிவிலக்கு உண்டு, 2024-25-இல் லெஸ்டருக்கு ஒரே சீசனுக்கு வந்த மைக்கேல் சேக்கா எட்டிலிருந்து இரண்டுக்கு ஏற்றிவிட்டுப் போய்விட்டார்.

படி 6: நாட்காட்டியை விரித்து வையுங்கள்

நவம்பரிலும் பிப்ரவரி, மார்ச்சிலும் நாட்டு அணிகள் ஆடும். பிரீமியர்ஷிப் அந்த வாரங்களில் பெரும்பாலும் லீக்கை நிறுத்திவிட்டுத் தனிக் கோப்பை நடத்துகிறது. டாப் 14 எல்லா வாரமும் நிறுத்தாது, அவற்றில் சில வாரங்களில் தொடரும். அதனால் பிரெஞ்சு அணிக்கு நிறைய ஆள் அனுப்பும் துலூஸ், போர்தோ போன்றவர்கள் அந்த வாரங்களில் இரண்டாம் நிரையோடு ஆட வேண்டும், நாட்டு அணிக்கு யாரையும் அனுப்பாத கிளப்புகள் அப்போதுதான் புள்ளி சேர்க்கும். ஒவ்வொரு கிளப்பிலும் எத்தனை பேர் போவார்கள், எத்தனை சுற்று இருக்க மாட்டார்கள் என்று ஒரு பத்தி போடுங்கள்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து நான்கு வருஷத்துக்கு ஒரு முறை போகும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் சுற்றுப்பயணமும் இதில் சேரும். 2025-இல் ஆஸ்திரேலியா போன அந்த அணியில் லென்ஸ்டர் ஆட்கள்தான் அதிகம். அவர்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டியிருந்தது. அந்த செப்டம்பரில் கேப் டவுனில் முதல் ஆட்டத்திலேயே ஸ்டார்மர்ஸிடம் 35-0 என்று தோல்வி. இப்படித் தொடக்கத்தில் விழுந்தால் லென்ஸ்டரைக் கைவிடக் கூடாது, அவர்களின் ஆள் பலம் ஜனவரிக்கு மேல்தான் பேசும். 2027 அக்டோபர், நவம்பரில் ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை. 2027-28 சீசனைக் கணிப்பவர்கள் முதல் இரண்டு மாதத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

யு.ஆர்.சி.யில் அட்டவணையே ஒரு பந்தயம். 16 அணி, 18 சுற்று. தன் பகுதி அணிகள் மூன்றோடு இரண்டிரண்டு முறை, மற்ற பன்னிரண்டோடு ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறை உள்ளூரிலா வெளியூரிலா என்பதில் இடம் மாறும். பிரிட்டோரியா கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல், ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டர் அளவில். கடலோரத்து அணிகள் அங்கே போய்க் கடைசி இருபது நிமிடத்தில் மூச்சு வாங்கும். கிளாஸ்கோ 2024 இறுதியில் பிரிட்டோரியாவிலேயே புல்ஸை 21-16 வென்றது பெரிய விஷயமாகப் பேசப்பட்டது இதனால்தான்.

படி 7: கல்லாப்பெட்டி

சம்பளம் போட முடியாத கிளப்புக்கு எந்த எக்செலும் உதவாது. 2022-23 சீசன் தொடங்கிய சில வாரங்களிலேயே வூஸ்டரும் வாஸ்ப்ஸும் மூழ்கின, 2023-இல் லண்டன் ஐரிஷ், 13 அணி லீக் 10 ஆனது அப்படித்தான். ஜெர்சி ரெட்ஸ் 2023-இல் இரண்டாம் பிரிவின் சாம்பியன், அந்த செப்டம்பரிலேயே கடையைச் சாத்தியது. மெல்போர்ன் ரெபெல்ஸ் 2024-ஓடு முடிந்தது. சாரசென்ஸ் சம்பள உச்சவரம்பை மீறியதற்கு 2019-20-இல் மொத்தம் 105 புள்ளி வெட்டப்பட்டுக் கீழே இறங்கியது. உள்ளூர்ச் செய்தியில் "சம்பளம் தாமதம்", "வரி பாக்கி" என்று கண்ணில் பட்டால் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 8: எண்ணை வாய்ப்பாக மாற்றுங்கள்

இப்போது ஒவ்வொரு அணிக்கும் ஒரு எண் கையில் இருக்கிறது. உள்ளூர் அணி +4, வந்தவர்கள் -1, சொந்த மைதானச் சாதகம் 4 என்று வைத்தால் எதிர்பார்க்கும் வித்தியாசம் 9. போன சீசனில் இப்படி எதிர்பார்த்ததற்கும் உண்மையில் நடந்ததற்கும் உள்ள இடைவெளியின் திட்ட விலக்கத்தையும், அதாவது அது எவ்வளவு சிதறுகிறது என்று சொல்லும் எண்ணையும் கண்டுபிடியுங்கள். பிறகு எக்செலில் நார்ம்.இன்வ் ஃபார்முலாவுக்குள் ரேண்ட், 9, அந்த விலக்கம் மூன்றையும் கொடுத்தால் ஓர் ஆட்டத்தின் கற்பனை முடிவு வரும். கூட்டலென்றால் உள்ளூர் அணிக்கு 4 புள்ளி, 7-க்குள் தோற்றவருக்கு 1. ட்ரை போனஸுக்குப் போன வருஷ சராசரியைச் சேர்த்துவிடுங்கள், அதற்கு மேல் நுணுக்கம் வேண்டாம். 90 ஆட்டத்தையும் இப்படி ஆட்டி, முழு சீசனை ஆயிரம் முறை ஓட விடுங்கள். எத்தனை முறை முதல் நான்கில் வந்தது என்பதுதான் உங்கள் சதவீதம்.

கிடைப்பது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். மிகப் பலமான அணிக்கே சாம்பியன் வாய்ப்பு பாதிக்குக் கீழே நிற்கலாம், ஏனென்றால் கடைசியில் இரண்டு நாக்-அவுட் ஆட்டம் இருக்கிறது. அந்த எண் சின்னதாகத் தெரிகிறது என்று கையால் ஏற்றாதீர்கள்.

படி 9: எழுதிப் பூட்டுங்கள், பிறகு மார்க் போடுங்கள்

முதல் ஆட்டத்துக்கு முன் எழுதி வாட்ஸாப் குழுவில் போட்டுவிடுங்கள், தேதி அதுவே பதிந்துவிடும். பணம் வைக்க வேண்டாம், ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவது சட்டப்படியே தடை, தோற்றவர் ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கட்டும், தகராறு வராது.

மார்க் இரண்டு விதம். ஒன்று படி 2-இல் பார்த்த இட நகர்வுக் கூட்டல், நகலெடுத்தவனின் எண்ணோடு ஒப்பிடலாம். இரண்டாவது சதவீதத்துக்கு: முதல் நான்கில் வரும் என்று 70 சதவீதம் சொன்னீர்கள், வந்துவிட்டால் 0.3-இன் வர்க்கம், அதாவது 0.09. வரவில்லையென்றால் 0.7-இன் வர்க்கம், 0.49. எல்லா அணிக்கும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தார். 100 சதவீதம் என்று வீம்புக்கு எழுதுகிறவருக்கு ஒரே தவறில் முழுதாக 1 ஏறிவிடும்.

நடு சீசனில் திருத்துவது தனிக் கணக்கு, முதலில் பூட்டியதைத் தொடக்கூடாது. ஆறு சுற்று முடிந்த பிறகு இரண்டாவது பட்டியல் எழுதலாம்: சீசனுக்கு முந்தின எண்ணுக்கு மூன்றில் இரண்டு பங்கு, இந்த ஆறு ஆட்டத்தின் சராசரி வித்தியாசத்துக்கு மூன்றில் ஒரு பங்கு. அதற்குமுன், இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு யாராவது "நான் அப்பவே சொன்னேன்லா" என்று ஆரம்பித்தால் பூட்டிய பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்.